இடது கைக்கு ஏற்ற ரம்பம்

என் கணவருக்கு ஒரு ரம்பம் பார்த்து வாங்க எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் பிடித்தது. என்னைப் பெண் பார்த்து முடிவு சொல்ல அவர் வீட்டாருக்கு ஒரு மாலை போதுமானதாக இருந்தது. ரம்பத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அது எதற்காக எங்கள் வீட்டுக்குள் வந்தது என்பதை விட்டுவிட்டு அதை மட்டும் சொல்ல முடியவில்லை.

நாங்கள் பள்ளிகொண்டாவில் இருந்தோம். காலையில் நான் கிழக்கே வேலூருக்குப் பஸ் ஏறுவேன், அவர் மேற்கே ஆம்பூருக்குக் கம்பெனி பஸ் ஏறுவார். எனக்கு ஆஸ்பத்திரியில் வேலை. அடிபட்ட கைகளை மறுபடியும் வேலைக்குப் பழக்கும் பிரிவில் இருந்தேன். இயந்திரத்தில் மாட்டிய கை, தீயில் சுருங்கிய கை, நரம்பு அறுந்த கை எல்லாம் எங்கள் மேசைக்குத்தான் வரும். களிமண் பிசையச் சொல்வோம், பட்டன் போடச் சொல்வோம், கொஞ்சம் தேறியதும் மரத்தைத் தேய்க்கவும் அறுக்கவும் சொல்வோம். ஒரு ரம்பத்தைப் பிடிக்க எந்த விரல் எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பது எனக்கு அங்கே தெரிந்ததுதான்.

அவர் ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் இருந்தார். தொண்ணூறுகளில் சேர்ந்தவர். அந்தப் பிரிவிலேயே வேகமான கை என்று பெயர் வாங்கியவர். வெளிநாட்டு ஆர்டர் அவசரமாக வந்தால் அவரைத்தான் முதல் மெஷினில் நிறுத்துவார்கள். அந்த மெஷினைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மேசையில் தோலை விரித்து, ஷூவின் ஒரு பாகத்தின் வடிவில் வளைத்த கத்தி அச்சை அதன் மேல் வைப்பார்கள். மேலே இருந்து கனத்த இரும்புத் தட்டு இறங்கி அச்சை அமுக்கும், தோல் வெட்டுப்படும். தட்டு இறங்க வேண்டுமானால் இரண்டு கைகளாலும் இரண்டு பட்டன்களை ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். இரண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் எந்தக் கையும் தட்டுக்கு அடியில் இருக்காது. அதற்காகத்தான் இரண்டு பட்டன்.

ஒரு மதியம் அவருடைய வலது கை தட்டுக்கு அடியில் இருந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இரண்டாம் கணுவரை போய்விட்டன. மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது.

ஒரு பட்டனைத் தோல் வாரால் இறுக்கிக் கட்டி வைத்திருந்தார், அதனால்தான் ஒற்றைக் கையால் தட்டை இறக்க முடிந்தது என்று கம்பெனியில் சொன்னார்கள். அவர் என்னிடம் வேறு மாதிரி சொன்னார். பட்டன் ரொம்ப நாளாகப் பழுது, மெயின்டனன்ஸ் ஆள்தான் கட்டிவிட்டுப் போனான், மாற்றச் சொல்லி எத்தனையோ முறை கேட்டும் யாரும் மாற்றவில்லை. கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி அதைச் சொன்னார். நான் நம்பினேன். நம்பாமல் எப்படி இருக்க முடியும்?

கம்பெனிக்கே போய் நின்றேன். அங்கிருந்த மேனேஜர் எங்கள் சபைக்காரர்தான், ஆலயத்தில் எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் குடும்பத்தோடு உட்காருகிறவர். அவருடைய அறையில் இன்னும் நாலு பேர் இருக்கும்போதே கேட்டேன்.

"பழுதான மெஷின்ல ஆளை நிக்க வச்சுட்டு, அவரே கட்டினாருன்னு சொல்றீங்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா? என் வீட்டுக்காரர் பொய் சொல்ல மாட்டாரு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் உங்ககிட்ட இன்னா சொல்றதும்மா?" என்றார். அவ்வளவுதான். சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்கள். வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை.

அந்த மேனேஜர் உட்காரும் ஆலயத்தில் என்னால் பாட முடியாது என்று போதகர் ஐயரிடம் சொல்லிவிட்டேன். சிறு வயதில் சபையில் திடப்படுத்தல் ஆன நாளிலிருந்து நான் அந்தப் பாடகர் குழுவில் இருந்தவள். பண்டிகைக் காலங்களில் வாரம் முழுக்கப் பாட்டுப் பயிற்சி இருக்கும், குழுவில் கீழ்க்குரல் பாடத் தைரியமாக என்னைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அதை விட்டுவிட்டு, ஊரின் மறுபக்கம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு சின்ன ஜெபக் கூடத்துக்குப் போக ஆரம்பித்தோம். அங்கே பாடகர் குழு கிடையாது. கீபோர்டும் ஒலிபெருக்கியும்தான். நான் வாயை அசைத்துக்கொண்டு நின்றுவிட்டு வருவேன்.

அவருடைய கையை என்னிடம் காட்டவே மாட்டார். ஆஸ்பத்திரியில் என்னோடு வேலை செய்யும் இன்னொருவரிடம் சில நாள் பயிற்சிக்கு வந்தார், பிறகு நிறுத்திவிட்டார். "உன் கூட வேலை செய்யறவங்க எல்லாம் வந்து வேடிக்கை பாக்கறாங்க" என்றார். வீட்டில் சாப்பிடும்போதுகூடத் துண்டு மடிக்குள் வலது கையை வைத்துக்கொண்டு ஸ்பூனால் இடது கையில் சாப்பிடுவார். ஊரார் கைகளையெல்லாம் பிடித்து நீட்டி மடக்கிவிட்டு வீட்டுக்கு வருவேன். அங்கே ஒரு கை என்னிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கும்.

மகள் அப்போது பெங்களூரில் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். பகல் முழுக்க வீட்டில் அவர் தனி ஆள். அந்த நாட்களில்தான் மரவேலை வந்தது. கம்பெனிகளுக்கு வெளிநாட்டிலிருந்து மெஷின் வரும் பெட்டிகள் பைன் மரத்தில் இருக்கும். மெஷினை எடுத்த பிறகு பெட்டியை உடைத்து ஆம்பூரில் பழைய மரக்கடையில் போட்டுவிடுவார்கள். லேசான, வெளுத்த, வாசனையான பலகைகள். அதில் ஒரு கட்டு வாங்கி வந்து, தண்ணீர்க் குடம் வைக்க ஒரு ஸ்டாண்ட் செய்ய உட்கார்ந்தார். நான் சொல்லவில்லை, அவராகவே உட்கார்ந்தார். அதைப் பார்த்ததும் அழுகை வந்து சமையலறைக்குள் போய்விட்டேன்.

ஆனால் கை ரம்பம் அவருக்குப் படியவில்லை. வலது கையில் பிடி நிற்கவில்லை. இடது கைக்கு நேர்க்கோடு தெரியவில்லை. அறுத்த முனை எலி கடித்த மாதிரி இருந்தது. நான்கு கால்களும் நான்கு உயரம். கொஞ்ச நேரம் அதை ஆட்டிப் பார்த்தார், பிறகு காலால் எட்டி உதைத்தார். "எனக்கு இனிமே இதெல்லாம் வராது" என்றார்.

வரவைக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அது என் தொழில். அலமாரி, சட்டம், ஸ்டூல் எது செய்வதானாலும் பாதி வேலை பலகையைச் சரியான நீளத்துக்குச் சரியான கோணத்தில் அறுப்பதுதான். அதற்கென்றே ஒரு மெஷின் உண்டு. மைட்டர் சா என்பார்கள். பலகையைச் சுழலும் மேடையில் வைத்து, கோணத்தைத் திருகி நிறுத்திவிட்டு, வட்ட ரம்பம் பொருத்திய கையைக் கீழே இறக்கினால் வெண்ணெய் போல் அறுக்கும். நேராக அறுப்பது மெஷினின் பொறுப்பு. பிடித்து இறக்குவது மட்டும்தான் மனிதன் செய்ய வேண்டியது.

வேலூரில் ஹார்டுவேர் கடை பாய் சிரித்தார். "மேடம், பேட்டரில ட்ரில் இருக்கு, தர்றேன். பேட்டரி ரம்பம் யாரு வாங்கறா? கரண்ட்ல ஓடறதே ஜாஸ்தி போவறதில்ல." எனக்கு வயர் வைத்தது வேண்டாம். எங்கள் பின்புறத் தகரக் கொட்டகையில் பிளக் கிடையாது. அந்த வருடங்களில் தினமும் மணிக்கணக்காகக் கரண்ட் போகும். அதைவிட முக்கியமானது, அவருடைய வெட்டுப்பட்ட விரல் முனைகளில் உணர்ச்சி கிடையாது. கையில் வயர் சுற்றினாலும் தெரியாது. அதையெல்லாம் கடைக்காரருக்குச் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. சென்னைக்கு ஒரு வேலையாகப் போனபோது அங்கே பெரிய கடை ஒன்றிலும் கேட்டேன். அலுமினியம் வெட்டும் ஆளுயர மெஷினைக் காட்டிவிட்டு, "சார் வரலியா?" என்று என் முதுகுக்குப் பின்னால் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் உட்கார ஆரம்பித்தேன். வேலை முடிந்து பஸ்ஸுக்கு முன்னால் கொஞ்ச நேரம். பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் வெளி மாநிலத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஊருக்கு மெயில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். நான் ரம்பம் பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து அங்குல வட்டம் வைத்தது தூக்கவே ஆள் வேண்டும். ஏழரை அங்குலம் வைத்தது லேசு. எங்கள் பைன் பலகைக்கு அது போதும். சுவிட்சை விட்டதும் சுற்றுவது சட்டென்று நிற்கிற மாதிரி பிரேக் வேண்டும். பலகையைக் கையால் பிடிக்காமல் இறுக்கி வைக்க ஒரு பிடிப்பான் வேண்டும். ஒரு பேட்டரி தீர்ந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று வேண்டும். இவையெல்லாம் யாரும் பார்ப்பவை. நான் கைப்பிடியைப் பார்த்தேன். சிலவற்றில் கைப்பிடி செங்குத்தாக, வலது கைக்காரனுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். இடது கையால் பிடித்தால் கட்டைவிரலுக்கு வேலை இருக்காது. சிலவற்றில் கைப்பிடி படுக்கை வாட்டத்தில் வளையமாக இருக்கும். எந்தக் கையாலும் பிடிக்கலாம். சுவிட்சுக்கு மேலே பாதுகாப்புப் பட்டன் ஒன்று இருக்கும். கட்டைவிரலால் அதை அமுக்கினால்தான் சுவிட்சே இயங்கும். அந்தப் பட்டன் இரண்டு பக்கத்திலிருந்தும் எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்துக் கழித்ததில் கடைசியாக மூன்று மிஞ்சின. அவற்றின் படங்களைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தேன். அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. டி.வி. பார்த்துக்கொண்டிருந்தவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்து, நின்று, குனிந்தார்.

"இன்னா இது?"

"ரம்பம்."

"யாருக்கு?"

"இந்த வீட்ல யாரு பலகை அறுக்கறது? நானா?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்தார். இடது கையைக் காற்றில் நீட்டி, இல்லாத கைப்பிடி ஒன்றைப் பிடித்துக் கீழே இறக்கிப் பார்த்தார். "இது மணிக்கட்டு திரும்பணும், வலிக்கும்" என்று ஒரு படத்தைத் தள்ளி வைத்தார். எனக்கு அந்த நிமிடம் அவர் மேல் வந்த பிரியம் கல்யாணமான புதிதில்கூட வந்ததில்லை.

அடுத்த நாள் நான் வேலை முடிந்து வந்தபோது, ஒரு பைன் துண்டில் அந்த வளையக் கைப்பிடியைக் குடைந்து செய்து வைத்திருந்தார். கரடுமுரடாகத்தான் இருந்தது. அதை ஒரு கம்பில் ஆணியடித்து, கொட்டகையில் நின்று ஏற்றி இறக்கிக் காட்டினார். "நீ சொன்னதுதான் சரி. இதுதான் படியுது." அதன் பிறகு பல நாட்கள் எங்களுக்குள் பேச்சு ரம்பத்தைப் பற்றித்தான். பெரிசா வாங்கலாம் என்பார் அவர், சின்னது போதும் என்பேன் நான். எங்களுக்குள் அப்படிப் பேச்சு ஓடி எவ்வளவோ காலமாகியிருந்தது.

ஒரு நாள் படத்தில் விரல் வைத்துக் கேட்டார். "இந்தப் பட்டன் எதுக்கு?"

"தெரியாம சுவிட்ச்ல கை பட்டா ஓடாம இருக்கறதுக்கு. ஒவ்வொரு தடவையும் கட்டைவிரல்ல அமுக்கிட்டுத்தான் சுவிட்ச்சை இழுக்கணும்."

முகம் மாறிவிட்டது. "எல்லாத்துலயும் இந்த எழவு பட்டன்" என்றார். பழைய வலி என்று நினைத்தேன். தோளைத் தொட்டேன். அன்று அவர் தட்டிவிடவில்லை.

என் தம்பி மஸ்கட்டில் கட்டட வேலையில் இருந்தான். போனில் எல்லாவற்றையும் சொன்னேன். "அக்கா, மாமாவுக்கு ரம்பம் வாங்கறியா, மாப்பிள்ளை பாக்கறியா? இவ்ளோ கண்டிஷன் போடற" என்று கிண்டல் செய்தான். ஆனால் கடை கடையாக ஏறி, நான் சொன்ன கைப்பிடியை இடது கையால் பிடித்துப் பார்த்துத்தான் வாங்கினான். விடுமுறையில் வந்தபோது துணிகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். இரண்டு பேட்டரி, ஒரு சார்ஜர். முதல் துண்டை அவர் அறுத்தபோது நாங்கள் இரண்டு பேரும் கொட்டகை வாசலில் நின்றோம். ஒரு நொடிச் சத்தம்தான், துண்டு விழுந்தது. வெட்டுமுகத்தை விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. "மாமா, இனிமே கடை போட்டுடலாம்" என்றான் தம்பி. அவர் சிரித்தார். விபத்துக்குப் பிறகு பல் தெரிய அவர் சிரித்தது அன்றுதான்.

அடுத்து வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். குடம் வைக்கும் ஸ்டாண்ட் ஆடாமல் நின்றது. ஜெபக் கூடத்துக்கு ஒரு சின்ன மேசை செய்து கொடுத்தார். மகளுக்கு ஒரு புத்தக அலமாரி ஆரம்பித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உள்ளங்கையில் மரச்சிராய் குத்திவிட்டதென்று அந்த வலது கையை அவராகவே என் மடியில் கொண்டுவந்து வைத்தார். ஊசியால் எடுத்துவிட்டு, அந்த மொட்டை விரல்களைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு ஒரு நாள் எனக்குக் காய்ச்சல். மதியமே சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். பின்பக்கம் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தேன். இப்படி ஒரு வேகத்தில் அவர் வேலை செய்து நான் பார்த்ததேயில்லை. வலது கை பலகையைத் தள்ளுகிறது, இடது கை இறக்குகிறது, துண்டு விழுகிறது, மறுபடி தள்ளுகிறது. நடுவில் நிற்பதே இல்லை. பிடிப்பானைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். உதட்டில் ஏதோ ஒரு மெட்டு. கம்பெனியில் எல்லோரும் பேசிய அந்தக் கை இதுதானா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

பக்கத்தில் போன பிறகுதான் தெரிந்தது. பாதுகாப்புப் பட்டன் மேல் ஒரு தோல் வாரைச் சுற்றி இறுக்கியிருந்தார். ரம்பப் பற்களை மூடுகிற பிளாஸ்டிக் கவசத்தை மேலே தூக்கி, இன்னொரு வாரால் கட்டியிருந்தார். பற்கள் திறந்து கிடந்தன. உணர்ச்சியில்லாத அவருடைய விரல் முனைகள் அவற்றுக்குப் பக்கத்தில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தன.

"நிறுத்துங்க" என்றேன். திரும்பிப் பார்த்துச் சுவிட்சை விட்டார்.

"இன்னாத்துக்கு இப்ப வந்த?"

"இது இன்னா?"

"எது?"

வாரைத் தொட்டுக் காட்டினேன். முகத்திலிருந்த மரத்தூளைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டைவிரலத் தேடிக்கினு இருந்தா வேலை நடக்குமா? பேஜாரா கீது. கவசம் இருந்தா கோடு தெரியல."

"யாருக்கு அவசரம்? இங்க யாரு டார்கெட் வச்சிருக்கா?"

"உனக்குப் புரியாது. நிறுத்தி நிறுத்திச் செஞ்சா அது வேலையே இல்ல."

நான் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாரின் ஒரு முனையில் சின்னதாகக் கீறல் போட்டு, மறுமுனையை அதற்குள் நுழைத்து இழுத்திருந்தார். இழுத்தால் இறுகும், ஒரு விரலால் தட்டினால் அவிழும். யாராவது வந்தால் சட்டென்று அவிழ்த்துவிடலாம். இன்று யோசித்துக் கட்டிய கட்டு இல்லை அது. எத்தனையோ முறை கட்டிப் பழகிய கை கட்டியது.

"அங்கயும் நீங்கதான் கட்டினீங்களா?"

குனிந்து கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்கினார்.

"கேக்கறேன் இல்ல? பட்டன் பழுதுன்னு சொன்னீங்களே. மெயின்டனன்ஸ் ஆளு கட்டினான்னு சொன்னீங்களே."

"எல்லாரும்தான் கட்டினோம்."

"நீங்க கட்டினீங்களா?"

பலகைத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னார். "எல்லாருக்கும் கட்டக் கத்துக்குடுத்ததே நான்தான். சூப்பர்வைசர் பாத்துட்டுப் பாக்காத மாதிரி போவாரு. அவருக்கு டார்கெட் வந்தா போதும். மேனேஜருக்கும் தெரியும். தெரியாம இன்னா? கைய வுட்டதும் எல்லாரும் கைய கழுவிட்டாங்க."

அந்தக் குரலில் வருத்தத்தோடு கொஞ்சம் பெருமையும் இருந்தது. எல்லாருக்கும் கத்துக்குடுத்ததே நான்தான். அந்தப் பிரிவில் இன்னும் எத்தனை மெஷின்கள், எத்தனை கைகள் என்று என் மனம் ஓடியது. எங்கள் மேசைக்கு ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்த கைகளில் இவர் கற்றுக்கொடுத்த முடிச்சு எத்தனை என்று யோசித்தேன். மேனேஜர் முன்னால் நான் பேசிய பேச்சு நினைவுக்கு வந்தது. "நான் உங்ககிட்ட இன்னா சொல்றதும்மா" என்று அவர் கண்ணாடி துடைத்ததும் வந்தது. அந்த மேனேஜர் நல்லவர் இல்லை, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் இருந்தவர். ஆனாலும் அன்று அந்த அறையில் பொய்யை நம்பிக்கொண்டு கத்தியவள் நான் ஒருத்திதான். அவருக்கு உண்மை தெரிந்திருந்தது, என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருந்தது.

"ஏன் எங்கிட்ட பொய் சொன்னீங்க?"

"நீ கேட்ட மாதிரி சொன்னேன். 'நீங்க கட்டல இல்ல, நீங்க கட்டல இல்ல'ன்னுதானே கேட்ட?"

அப்படித்தான் கேட்டிருப்பேன். இருக்கலாம். ஆனால் அதன் பிறகு வந்த ஆயிரம் நாட்களில் ஒரு நாள்கூட அவருக்கு வாய் திறக்கவில்லையே.

நான் அந்த இரண்டு வார்களையும் அவிழ்த்து அடுப்புக்குள் போடவில்லை, கத்தவும் இல்லை. ரம்பத்திலிருந்து பேட்டரியை இழுத்தேன். சார்ஜரில் இருந்த இன்னொன்றையும் எடுத்துக்கொண்டேன். பீரோவில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் காலை சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்குப் பக்கத்தில் இரண்டையும் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். தினமும் அப்படியே. பை கனத்தது. ஆஸ்பத்திரி வாசலில் செக்யூரிட்டி திறந்து பார்த்துவிட்டு, "இன்னா மேடம் இது?" என்று கேட்டான். "வீட்டு மெஷினோடது" என்றேன்.

மாலையில் வந்ததும் பேட்டரியை எடுத்து மேசையில் வைப்பேன். "நான் வீட்ல இருக்கறப்ப செய்யுங்க. கட்டாம செய்யுங்க" என்றேன். ஒரே ஒரு மாலை எடுத்துக்கொண்டு போனார். நான் கொட்டகை வாசலில் நின்றேன். கட்டைவிரலால் பட்டனை அமுக்கினார், சுவிட்சை இழுத்தார், ஒரு பலகையை அறுத்தார். பிறகு பேட்டரியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "இந்தா. நீ பேஷண்டுக்குக் களிமண் குடுக்கற மாதிரி எனக்கு ரம்பம் குடுக்கற. வேணாம்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கொட்டகைப் பக்கம் போகவில்லை.

தம்பி போனில் சண்டை போட்டான். மாமா அவனிடம் சொல்லியிருக்கிறார். "அக்கா, அவரு இன்னா கொழந்தையா? பேட்டரியப் பையில போட்டுக்கினு போறியாமே. ஒரு ஆம்பளைய இப்டியா அவமானப்படுத்துவ?" பட்டனைப் பற்றியும் வாரைப் பற்றியும் சொன்னேன். "எல்லா சைட்லயும் அப்டித்தான்க்கா செய்யறாங்க" என்றான். என் தம்பியும் எங்கோ எதையோ கட்டிவிட்டு வேலை செய்கிறான் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பழைய ஆலயத்துக்குத் திரும்பிப் போகலாமா என்று எண்ணினேன். போய் அந்த மேனேஜரிடம் என்ன சொல்வது? நீங்கள் சொன்னது உண்மை, ஆனால் உங்களுக்கும் தெரிந்திருந்ததே என்றா? முதல் பாதியைச் சொன்னால் இரண்டாம் பாதியைச் சொல்லாமல் இருக்க முடியாது. இரண்டையும் சொன்னால் அங்கே எனக்குப் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். ஜெபக் கூடத்திலேயே இருந்துவிட்டேன்.

மகளின் அலமாரி இரண்டு தட்டோடு நின்றது. அவர் பேர்ணாம்பட்டுப் பக்கம் ஒரு சின்ன யூனிட்டில் பேக்கிங் வேலைக்குச் சேர்ந்தார். ஷூ ஜோடிகளைப் பெட்டியில் போட்டு லேபிள் ஒட்டுகிற வேலை, மெஷின் எதுவும் இல்லை. நாட்கள் போனதும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போவதை நானும் விட்டேன். அவை பீரோவிலேயே கிடந்தன. ஓராண்டுக்கு மேல் இருக்கும், ஏதோ ஒரு எண்ணத்தில் எடுத்து சார்ஜரில் வைத்தேன். சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னியது, ஏறவில்லை. இன்னொன்றும் அப்படியே. சார்ஜ் போடாமல் அவ்வளவு காலம் வைத்தால் செத்துவிடும் என்று தம்பி சொன்னான். அந்த மாடல் பேட்டரி இப்போது வருவதில்லை என்றும் சொன்னான். அவரிடம் சொன்னேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ம்" என்றார்.

படிப்பை முடித்து மகள் வீட்டுக்கு வந்திருந்தபோது கொட்டகையைச் சுத்தம் செய்தோம். சாக்குக்கு அடியிலிருந்த ரம்பத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அதுவரை அவளிடம் சொன்னதில்லை.

"நீ செஞ்சது சரிதாம்மா" என்றாள். அவளும் அடிபட்டவர்களைப் பார்க்கிற தொழிலுக்கு வந்துவிட்டவள். "ஆனா அதுக்கப்பறம் அப்பா உங்கிட்ட பேசறதே இல்லையே."

"அதுக்கு முன்னாடி மட்டும் இன்னா பேசினாரு?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சரியானதைச் செய்துவிட்டு அதனால் எதுவும் கிடைக்காமல் போனவர்களுக்கு அந்தக் குரல் வந்துவிடும் போலிருக்கிறது. மறுபடியும் அந்த மதியம் வந்தால் மறுபடியும் பேட்டரியை இழுக்கத்தான் செய்வேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, ஆறுதலும் இல்லை.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வேலையிலிருந்து வந்தவர் உள்ளே வராமல் நின்று, ராத்திரிக்கு மாவு வாங்கி வரவா என்று கேட்டார். கேட்டது மகளிடம்.